நாடு வங்குரோத்தான கதையும் வீடுகளில் மிஞ்சிய கடனும்

2022 ஏப்ரல் 12ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டு நாட்கள் இருக்கும்போது, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதைத் தற்காலிகமாக நிறுத்துவதாக இலங்கை அரசு அறிவித்தது. அப்போது நாட்டின் மொத்த வெளிநாட்டுக் கடன் ஏறத்தாழ 51 பில்லியன் டொலர். சுதந்திரத்துக்குப் பின்னர் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைக் கட்டத் தவறியது அதுவே முதல் தடவை.

அதன் பிறகு ஜனாதிபதிகள் மாறினார்கள், ஆட்சி மாறியது. வரிசைகள் மறைந்தன, எரிபொருள் நிலையங்கள் வழமைக்குத் திரும்பின. பொருளாதாரம் மீண்டுவிட்டது என்று கொழும்பில் பேசுகிறார்கள். வன்னியிலும் மன்னார்க் கரையிலும் நான் கேட்கும் பேச்சு வேறு. அங்கு மீட்சி பற்றி யாரும் பேசுவதில்லை. அடகில் கிடக்கும் நகை, விற்றுப்போன மாடு, பாதியில் நின்ற படிப்பு, வெளிநாடு போன மகள் என்றே பேச்சு போகிறது.

இந்த நெருக்கடி ஏன் வந்தது, போரால் ஏற்கனவே பாதிக்கப்பட்டிருந்த வீடுகளுக்குள் அது எப்படி நுழைந்தது, அதன் செலவை யார் ஏற்றார்கள் என்பவற்றை ஒரே இடத்தில் ஒழுங்குபடுத்தி வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

டொலர் எப்படித் தீர்ந்தது?

இலங்கை ஏற்றுமதி செய்வதைவிட அதிகமாக இறக்குமதி செய்யும் நாடு. எரிபொருள், கோதுமை, பால்மா, மருந்து, உரம் அனைத்துக்கும் டொலர் வேண்டும். ஆடை, தேயிலை ஆகியவற்றின் ஏற்றுமதியும், சுற்றுலாவும், வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பும் பணமுமே அந்த டொலரைக் கொண்டுவந்தன. அவை போதாதபோது கடன் வாங்கி இடைவெளியை நிரப்புவது எல்லா அரசாங்கங்களினதும் வழக்கமாயிற்று.

ஒரு காலத்தில் அந்தக் கடன் பெரும்பாலும் உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி, ஜப்பான் போன்றவற்றிடமிருந்து குறைந்த வட்டிக்கும் நீண்ட தவணைக்கும் கிடைத்தது. இலங்கை நடுத்தர வருமான நாடு என்ற நிலைக்கு உயர்ந்தபோது அந்தச் சலுகை சுருங்கியது. 2007ஆம் ஆண்டு, போர் உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த வேளையில், இலங்கை முதன்முதலாகச் சர்வதேச சந்தையில் 500 மில்லியன் டொலருக்குப் பிணைமுறி விற்றது. போர் முடிந்த பிறகு அந்த வழி இன்னும் அகலமானது. 2021 முடிவில் அரசின் வெளிநாட்டுக் கடனில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இத்தகைய சந்தைக் கடனாகவே இருந்தது. வட்டி அதிகம். தவணை முடியும் நாளில் முழுத் தொகையையும் டொலரில் வைக்க வேண்டும். அதற்குக் கையில் டொலர் இல்லாவிட்டால் இன்னொரு பிணைமுறி விற்க வேண்டும்.

சீனாவின் கடனே இலங்கையை விழுத்தியது என்று பலர் சொல்வார்கள். வெளிநாட்டுக் கடனில் சீனாவின் பங்கு ஐந்தில் ஒன்று அளவுதான். வாங்கிய கடன் டொலரை உழைத்துத் தராத வேலைகளுக்குப் போனதே பெரிய சிக்கல். வீதிகளும் விமான நிலையமும் துறைமுகமும் கட்டப்பட்டன. ஹம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017இல் 99 வருடக் குத்தகைக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. வடக்கில் ஏ9 வீதி சீனக் கடனில் காபெற் வீதியாயிற்று. வீதியின் இரு பக்கமும் தொழிற்சாலைகளோ பதனிடும் நிலையங்களோ பெரிதாக எழும்பவில்லை.

மூன்று வருடங்களில் எடுக்கப்பட்ட முடிவுகள்

இப்படி நலிந்திருந்த உடலில்தான் 2019க்குப் பிறகு ஒவ்வொரு அடியாக விழுந்தது. சில வெளியில் இருந்து வந்தவை. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதல்கள் சுற்றுலாவை முடக்கின. 2020இல் கொவிட் பெருந்தொற்று மிச்சத்தையும் மூடியது. 2018இல் 4 பில்லியன் டொலருக்கு மேல் தந்த சுற்றுலாத்துறை, 2021இல் அதில் எட்டில் ஒரு பங்கைக்கூடத் தரவில்லை.

மற்றவை ஆட்சியாளர்கள் தாங்களே எடுத்த முடிவுகள். அவற்றை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

முதலாவது, வரிக்குறைப்பு. 2019 டிசம்பரில் கோட்டாபய ராஜபக்ஷ அரசாங்கம் பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தது. வேறு சில வரிகளை நீக்கியது. தேசிய உற்பத்தியில் ஏறத்தாழ 11.6 சதவீதமாக இருந்த வரி வருமானம் ஒரே வருடத்தில் 8 சதவீத அளவுக்கு இறங்கியது. உலகில் மிகக் குறைவாக வரி திரட்டும் நாடுகளில் ஒன்றாக இலங்கை மாறியது. கடன் தர மதிப்பீட்டு நிறுவனங்கள் நாட்டின் தரத்தை இறக்கின. அத்துடன் பிணைமுறிச் சந்தையின் கதவு மூடிக்கொண்டது.

இரண்டாவது, பணம் அச்சிடுதல். குறைந்த வருமானத்தை ஈடுசெய்ய மத்திய வங்கி அரசுக்குப் பணம் கொடுத்தது. 2019 முடிவில் மத்திய வங்கியின் கையில் இருந்த திறைசேரி உண்டியல்கள் 100 பில்லியன் ரூபாவுக்கும் குறைவு. 2021 முடிவில் அது 1,400 பில்லியனைத் தாண்டியது.

மூன்றாவது, ரூபாவின் பெறுமதியைப் பிடித்து வைத்தமை. ஒரு டொலர் 200 ரூபா அளவிலேயே இருக்கும் என்று மத்திய வங்கி விடாப்பிடியாக நின்றது. வெளிச்சந்தையில் அதைவிட அதிகம் கிடைத்தது. இந்த இடத்தில் எமது வாசகர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கனடாவிலும் சுவிஸிலும் மத்திய கிழக்கிலும் இருந்து அனுப்பும் காசு வங்கியை விட்டு உண்டியலுக்கு மாறியது. வங்கிகள் ஊடாக 2020இல் 7.1 பில்லியன் டொலர் வந்தது. 2021இல் அது 5.5 பில்லியனாகவும் 2022இல் 3.8 பில்லியனாகவும் விழுந்தது.

நான்காவது, உரத் தடை. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி ஒரே இரவில் தடைசெய்யப்பட்டது. சேதனப் பசளைக்குத் திட்டமோ போதிய தயாரிப்போ இருக்கவில்லை. நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது பெரும்போக விதைப்பு நடந்துகொண்டிருந்தது. அந்தப் போக நெல் விளைச்சல், முந்தைய பெரும்போகத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது. டொலரை மிச்சப்படுத்த எடுத்த முடிவு, அரிசியை டொலர் கொடுத்து இறக்குமதி செய்யும் நிலைக்கு நாட்டைத் தள்ளியது.

கடைசியாக, காலதாமதம். சர்வதேச நாணய நிதியத்திடம் போகுமாறும் கடனை மறுசீரமைக்குமாறும் பொருளியலாளர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அரசு மறுத்தது. மருந்துக்கும் எரிபொருளுக்கும் டொலர் இல்லாத நிலையில், 2022 ஜனவரி 18ஆம் திகதி பிணைமுறிக்காரர்களுக்கு 500 மில்லியன் டொலர் முழுமையாகச் செலுத்தப்பட்டது. 2019 முடிவில் 7.6 பில்லியன் டொலராக இருந்த கையிருப்பில், பயன்படுத்தக்கூடியது 50 மில்லியன் டொலருக்கும் குறைவு என்று மே மாதம் நிதி அமைச்சர் நாடாளுமன்றத்தில் கூறினார்.

2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோட்டாபய, மஹிந்த, பசில் ராஜபக்ஷ சகோதரர்களும், மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் உள்ளிட்ட உயரதிகாரிகளும் பொருளாதார நெருக்கடிக்குப் பொறுப்பு என்றும், மக்களின் அடிப்படை உரிமையை மீறினார்கள் என்றும் பெரும்பான்மைத் தீர்ப்பு கூறியது. மனுதாரர்களுக்கு வழக்குச் செலவாகத் தலா 150,000 ரூபா வழங்கச் சொன்னது. நாட்டு மக்களுக்கு நட்டஈடு எதுவும் இல்லை.

விலை, வரிசை, இருள்

2022 மார்ச் 7ஆம் திகதி ரூபாவைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. மே மாதத்துக்குள் ஒரு டொலர் 360 ரூபாவைத் தொட்டது. 2021 டிசம்பரில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் 92 ஒக்டேன் பெற்றோல், 2022 ஜூனில் 470 ரூபாவாயிற்று. 1,493 ரூபாவுக்கு விற்ற 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் 4,860 ரூபாவாயிற்று. அந்த விலைக்கும் சிலிண்டர் கிடைக்கவில்லை. வரிசையில் நின்ற முதியவர்கள் சிலர் நின்ற இடத்திலேயே உயிரிழந்தார்கள்.

மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. தாள் இல்லாததால் மேல் மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. மருந்து இல்லாததால் பேராதனை போதனா வைத்தியசாலை வழமையான சத்திரசிகிச்சைகளை இடைநிறுத்தியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அதாவது முந்தைய வருடம் 1,000 ரூபாவுக்கு வாங்கிய உணவுச் சாமானுக்கு 1,949 ரூபா வேண்டும். சம்பளம் அப்படி ஏறவில்லை. 2022இல் நாட்டின் உற்பத்தி 7 சதவீதத்துக்கும் மேல் சுருங்கியது.

காலிமுகத்திடலில் ஏப்ரல் 9ஆம் திகதி தொடங்கிய போராட்டம், ஜூலை 9ஆம் திகதி ஜனாதிபதி மாளிகையைக் கைப்பற்றியது. கோட்டாபய நாட்டை விட்டு ஓடி, ஜூலை 14ஆம் திகதி பதவி விலகினார். 2009இல் பாதுகாப்புச் செயலாளராக இருந்தவர் அவர். அந்தச் செய்தி எமது பகுதிகளில் எப்படிக் கேட்கப்பட்டது என்பதை நான் எழுதத் தேவையில்லை.

வன்னியில் நெருக்கடி 2022இல் தொடங்கவில்லை

நெருக்கடி எல்லாருக்கும் பொதுவானது என்பது உண்மை. ஆனால் அது வந்து சேர்ந்தபோது ஒவ்வொரு வீட்டிலும் என்ன இருந்தது என்பதில்தான் வித்தியாசம். இடப்பெயர்வில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த குடும்பம் 2010க்குப் பிறகு வெறுங்கையோடு மீள்குடியேறியது. வேறு இடங்களில் இரண்டு மூன்று தலைமுறை சேர்த்த சொத்து, கஷ்ட காலத்தில் கைகொடுக்கும். இங்கு சேமிப்பு பத்து வருடத்துக்கு உட்பட்டது.

அதுவும் பெரும்பாலும் கடனோடு கலந்தது. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா கிடைத்தது. கல், மணல், கூலி எல்லாம் விலை ஏறியபோது பலரால் அந்தத் தொகைக்குள் கூரை போட முடியவில்லை. மிச்சத்துக்கு நகை அடகு, வட்டிக் காசு. அதே காலத்தில் நுண்நிதி நிறுவனங்கள் கிராமம் கிராமமாக வந்தன. ஐந்து பெண்களைச் சேர்த்து ஒரு குழு, ஒருவருக்கு மற்றவர் பிணை, வாராவாரம் வீட்டு வாசலில் வசூல். ஆணை இழந்த குடும்பங்களே அதிகம் அகப்பட்டன.

2018இல் இலங்கை வந்த ஐ.நா.வின் கடன் தொடர்பான சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, சில நுண்நிதிக் கடன்களின் வருட வட்டி 220 சதவீதம் வரை போவதைச் சுட்டிக்காட்டினார். அதே வருடம் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் 100,000 ரூபாவுக்கு உட்பட்ட கடன்களுக்கு அரசு ஒரு நிவாரணத்தை அறிவித்தது. அதற்கு மேல் வாங்கியவர்களும், நிவாரணப் பட்டியலில் வராதவர்களும் தொடர்ந்து கட்டினார்கள்.

முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒரு மீள்குடியேற்றக் கிராமத்தில் நான் சந்தித்த அம்மா ஒருவர், கணவரை 2009இல் இழந்தவர். தையல் இயந்திரம் வாங்க எடுத்த கடனைத் தவறாமல் கட்டி வந்தார். 2022இல் மின்வெட்டாலும் துணி விலையாலும் தையல் படுத்தது. தவணையைக் கட்ட இரண்டாவது இடத்தில் கடன் எடுத்தார். அதைக் கட்டத் தோட்டை அடகு வைத்தார். கடைசியில் கடனுக்குக் காரணமான அந்தத் தையல் இயந்திரத்தையே விற்றார். நாடு வங்குரோத்தான அதே வழியில்தான் அவரும் போனார். கடனைக் கட்டக் கடன், அதைக் கட்ட இன்னொரு கடன்.

கடல், வயல், தோட்டம்

வடக்கின் சிறு படகுகள் பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. டொலர் இல்லாமல் மசகு எண்ணெய் வரவில்லை, சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையம் இடையிடையே மூடப்பட்டது, மண்ணெண்ணெய் மாதக்கணக்கில் கிடைக்கவில்லை. கிடைக்கத் தொடங்கியபோது, 2022 ஓகஸ்டில், 87 ரூபாவாக இருந்த லீற்றர் விலை 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஒரு நாள் தொழிலுக்கு 20 லீற்றர் எரிக்கும் படகுக்குச் செலவு 1,740 ரூபாவிலிருந்து 6,800 ரூபாவாகிறது. வலையில் மீன் படாத நாளிலும் இந்தக் காசு போகும். இந்திய இழுவைப் படகுகள் வலையை அறுத்துவிட்டால் அதுவும் சேர்ந்து நட்டம். மன்னாரில் நான் பேசிய கடற்றொழிலாளர் சிலர், கடலுக்குப் போவதைவிடப் படகைக் கரையில் ஏற்றிவைப்பது குறைந்த நட்டம் என்று கணக்குப் பார்த்துச் சொன்னார்கள்.

வயலில் வேறு கணக்கு. 2020இல் நெல் விவசாயிக்கு இலவசமாகக் கிடைத்த உரம், தடைக்குப் பிறகு 2022இல் ஒரு மூட்டை யூரியா 10,000 ரூபா என்று அரசு விலையில் வந்தது. கறுப்புச் சந்தையில் அதற்கும் பல மடங்கு. கண்ணிவெடி அகற்றித் திருத்திய காணிகளில் குத்தகைக்கு விதைத்தவர்கள், உழவு இயந்திரத்துக்கு டீசல் இல்லாமலும் அறுவடை இயந்திரத்துக்குக் கூலி கட்ட முடியாமலும் நின்றார்கள்.

மலையகத்தில் நிலைமை இன்னும் கடினம். 2021 மார்ச்சில் நீண்ட போராட்டத்துக்குப் பின் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாயிற்று. அப்போது அது 5 டொலர். ஒரு வருடத்தில் அதே 1,000 ரூபா 3 டொலருக்கும் குறைந்தது. தேயிலை டொலருக்கு விற்கப்படுகிறது, கொழுந்து பறிப்பவருக்கு ரூபாவில் கூலி. ரொட்டிக்கான கோதுமை மா இறக்குமதி விலையில் ஏறியது. தோட்டப்புறங்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வறுமைக்குள் இருப்பதாக உலக வங்கியின் மதிப்பீடு கூறியது.

கடல் கடந்தவர்கள்

2022 மார்ச் 22ஆம் திகதி, குழந்தைகள் உட்பட 16 பேர் இரண்டு படகுகளில் தமிழ்நாட்டுக் கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். ஒரு தொகுதியினர் தனுஷ்கோடிக்கு அருகே மணல் திட்டில் இறக்கிவிடப்பட்டிருந்தார்கள். தொடர்ந்து வந்த மாதங்களில் இன்னும் பலர் போனார்கள், மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டார்கள். போர்க்காலத்தில் ஷெல்லுக்குப் பயந்து கடந்த அதே கடலை, இம்முறை அரிசி விலைக்கும் பால்மா விலைக்கும் பயந்து கடந்தார்கள். அவர்களில் சிலர் முன்னர் அகதியாக இருந்து, ஊர் வாழவிடும் என்று நம்பித் திரும்பி வந்தவர்கள்.

சட்டபூர்வமாகப் போனவர்கள் இன்னும் அதிகம். 2022இல் மட்டும் 3 லட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்காக வெளிநாடு சென்றார்கள். வவுனியாவில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகத்தின் முன் இரவில் பாய் விரித்துப் படுத்துக் காத்திருந்தவர்களில் இளம் தாய்மார்கள் பலர். பிள்ளையை அம்மம்மாவிடம் விட்டுவிட்டு வளைகுடா நாட்டுக்குப் போனவர் அனுப்பும் பணம், மத்திய வங்கியின் கணக்கில் கையிருப்பு உயர்வாகத் தெரிகிறது. தாய் இல்லாத வீட்டில் பிள்ளை வளர்வது எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

‘எங்களுக்குப் பழக்கம்தானே’

நெருக்கடியின் போது எமது ஊர்களில் அதிகம் கேட்ட சொல் இது. அதற்குக் காரணம் இருக்கிறது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் எரிபொருள், மின்கலம், சவர்க்காரம், சீமெந்து, மருந்து எல்லாம் வடக்குக்கு வர மறுக்கப்பட்டன. ஜாம் போத்தலுக்குள் திரி போட்டு விளக்கு எரித்தோம். சில துளி பெற்றோலில் இயந்திரத்தை உசுப்பி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். சைக்கிள் தைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். 2009இல் உப்புக்கஞ்சியோடு உயிரைப் பிடித்தவர்கள் இருக்கிறார்கள். தென்னிலங்கை 2022இல் பார்த்த வரிசையும் இருளும் இவர்களுக்குப் புதிதல்ல.

2022 மே 18ஆம் திகதி காலிமுகத்திடலில், போரில் இறந்த தமிழர்களுக்காக விளக்கேற்றி, கஞ்சி வழங்கினார்கள். ஒரு தடவையாவது தெற்கில் சிலர் இந்தத் தொடர்பைப் புரிந்துகொள்ள முயன்றார்கள் என்பதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

ஆனால் ‘பழக்கம்தானே’ என்ற சொல்லை நாம் கவனமாகப் பாவிக்க வேண்டும். தடைக் காலத்தில் சாமான் இல்லை. அந்த இல்லாமை எல்லா வீட்டுக்கும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தது, பங்கீட்டு அட்டையும் சங்கக்கடையும் இருந்தன. இப்போது கடை நிறையச் சாமான் இருக்கிறது, வாங்கக் காசில்லை. அன்று பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கலாம். இன்று பக்கத்து வீடும் அதே குழுக்கடனில் பிணை நிற்கிறது. அன்றைய தடைக்கு ஒரு நாள் முடிவு வரும் என்று காத்திருந்தார்கள். வட்டிக்கு அப்படி ஒரு நாள் இல்லை. போரில் காயப்பட்டு உடம்பில் குண்டுச் சிதறலோடு வாழ்பவர், செயற்கைக் காலைத் திருத்த நகரத்துக்குப் போகவேண்டியவர், இவர்களுக்குப் பஸ் கட்டணமும் மருந்து விலையும் ஏறுவதைத் தாங்கும் பழக்கம் எங்கிருந்து வரும்? பழகியவர்கள் என்று நாமே சொன்னால், உதவிப் பட்டியலில் பின்னுக்குத் தள்ள மற்றவர்களுக்கு அது நல்ல சாட்டாகிவிடும்.

மீட்சியின் செலவு யார் தலையில்?

2023 மார்ச் 20ஆம் திகதி சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் கடன் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. நான்கு வருடத் திட்டம். அது இலங்கைக்கு 17ஆவது திட்டம். நிபந்தனைகள் தெரிந்தவையே. வரியைக் கூட்டு, மானியத்தைக் குறை, கடனை மறுசீரமை.

பெறுமதி சேர் வரி 8இல் இருந்து 12, பின்னர் 15, 2024 ஜனவரியில் 18 சதவீதமாயிற்று. இது வருமானத்தைப் பார்த்து அறவிடும் வரி அல்ல. செருப்பு வாங்குபவர் முதலாளியானாலும் கூலித் தொழிலாளியானாலும் ஒரே வீதம். மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் ஏறியது. சராசரி உண்மையைச் சொல்லாது. மாதம் 30 அலகு பாவிக்கும் ஏழை வீட்டின் பட்டியல் 105 ரூபாவிலிருந்து 360ஆகி, பின்னர் 1,300 ரூபாவாயிற்று. அதன் பிறகு கட்டணம் குறைக்கப்பட்டாலும், அந்த மாதங்களில் கட்ட முடியாமல் பல லட்சம் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன.

2023 ஜூலையில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. வங்கிகளின் கையில் இருந்த அரச முறிகள் தொடப்படவில்லை. தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதி வைத்திருந்த முறிகளின் வட்டி 2025 வரை 12 சதவீதமாகவும், அதன் பிறகு 9 சதவீதமாகவும் குறைக்கப்பட்டது. ஆடைத் தொழிற்சாலையில் வேலைசெய்யும் வன்னிப் பெண்ணின் எதிர்காலச் சேமிப்பும் அதில் இருக்கிறது.

சமுர்த்திக்குப் பதிலாக வந்த அஸ்வெசும, 2023இல் குடும்பத்தின் நிலையைப் பொறுத்து மாதம் 2,500 முதல் 15,000 ரூபா வரை தந்தது. முதல் பட்டியல் வெளிவந்ததும் பல லட்சம் மேன்முறையீடுகளும் ஆட்சேபனைகளும் குவிந்தன. கல்வீடு இருப்பதும் மின் இணைப்பு இருப்பதும் வசதியின் அடையாளமாகப் புள்ளியிடப்பட்டால், நன்கொடை வீட்டில் கடனோடு இருக்கும் மீள்குடியேறிய குடும்பம் காகிதத்தில் வசதியானதாகத் தெரியும்.

செலவில் எது குறைந்தது, எது குறையவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். 2023 வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்பு அமைச்சுக்கு 410 பில்லியன் ரூபா ஒதுக்கப்பட்டது. சுகாதாரத்துக்கு 322 பில்லியன், கல்விக்கு 232 பில்லியன். போர் முடிந்து 13 வருடங்களுக்குப் பின், நாடு வங்குரோத்தான வருடத்தில் தயாரிக்கப்பட்ட திட்டம் இது.

பணவீக்கம் 2023 ஜூலையில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. விலை இறங்கியது என்று இதற்கு அர்த்தமில்லை. விலை ஏறும் வேகம் குறைந்தது, அவ்வளவுதான். 2021ஐவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு உயரத்தில் விலைகள் போய் நின்றன. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2023 ஆய்வில், பத்துக் குடும்பங்களில் ஆறின் வருமானம் குறைந்திருந்தது, ஒன்பதின் செலவு கூடியிருந்தது. ஐந்தில் ஒரு குடும்பத்துக்கும் மேல் நெருக்கடியால் கடன்பட்டிருந்தது. 2021இல் 13 சதவீதமாக இருந்த வறுமை, 2022இல் 25 சதவீதமாக இரட்டித்ததாக உலக வங்கி மதிப்பிட்டது. 2024இலும் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வறுமையில்தான்.

அரசுக்குக் கிடைத்த அவகாசம்

2024 ஜூன் மாதம் கடன் தந்த நாடுகளோடு இலங்கை உடன்பாட்டுக்கு வந்தது. முதல் தொகையைத் திருப்பிக் கட்ட 2028 வரை அவகாசம் கிடைத்தது. டிசம்பரில் பிணைமுறிக்காரர்களும் மறுசீரமைப்பை ஏற்றுக்கொண்டார்கள். உள்நாட்டில், கடன் கட்ட முடியாத வியாபாரிகளின் சொத்தை நீதிமன்றம் போகாமலே வங்கிகள் ஏலம் விடும் பராட்டே அதிகாரமும் சில காலம் நிறுத்திவைக்கப்பட்டது. கட்ட முடியாதவரை நெருக்கினால் கடன் கொடுத்தவருக்கும் நட்டம் என்பதே இவற்றின் பின்னுள்ள நியாயம். அது சரியான நியாயம்.

அந்த நியாயம் வன்னியில் அடகு வைத்த தோட்டுக்கும், மன்னாரில் லீசிங் எடுத்த படகு இயந்திரத்துக்கும், வாராவாரம் வாசலுக்கு வரும் குழுக்கடனுக்கும் ஏன் பொருந்தவில்லை? அரசு ‘கட்ட முடியாது’ என்றபோது பேச்சுவார்த்தை நடந்தது, வட்டி குறைந்தது, தவணை நீண்டது. குடும்பம் ‘கட்ட முடியாது’ என்றபோது பொருள் ஏலம் போனது.

எமது மக்கள் பிரதிநிதிகளிடமும் மாகாண நிர்வாகத்திடமும் இன்று கேட்கக்கூடிய கேள்விகள் தெளிவானவை. நெருக்கடிக் காலத்தில் கடன்பட்ட குடும்பங்கள் மாவட்டவாரியாக எத்தனை? நுண்நிதிக் கடனின் வட்டிக்கு உண்மையில் அமுலாகும் உச்சவரம்பு எங்கே? கூட்டுறவுச் சங்கங்கள் ஊடாக அந்தக் கடன்களைக் குறைந்த வட்டிக்கு மாற்றித்தர என்ன தடை? அஸ்வெசுமவின் புள்ளியிடலில் இடப்பெயர்வும் போர் இழப்பும் ஏன் கணக்கில் இல்லை?

அடுத்த வரவு செலவுத் திட்ட விவாதம் வரும்போது கையிருப்பு எத்தனை பில்லியன் என்று சொல்வார்கள். அந்த நாளில் இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் வந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.